எங்களைக் கல்லறைக்குள் விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கப் போனவர்

உலகத்தில் தொடங்கிவைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. பறவைகளையும் மீன்களையும் வகைபிரித்து எழுதிவைத்த பெரியவர்கள் இந்த இனத்தை ஏன் விட்டுவிட்டார்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை எழுத உட்கார்ந்தவரே இந்த இனத்தைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம். உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். அலுவலகத்தில் கட்டாயம் இருப்பார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, உங்கள் தொடையில் ஒரு தட்டு தட்டி, நாமெல்லாரும் சேர்ந்து ஏதாவது ஆரம்பிக்க வேண்டும் என்பாரே, அவரேதான். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் இருக்கும். அதைக் கண்டதுமே நீங்கள் எழுந்து போயிருக்க வேண்டும். போனீர்களா? இல்லை. யாரும் போவதில்லை.

இவரைச் சோம்பேறி என்று எடைபோட்டுவிடக் கூடாது. சோம்பேறி எதையும் தொடங்குவதில்லை. அவனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. தொடங்கிவைப்பவரோ பேய் மாதிரி உழைப்பவர். முதல் வாரம் சாப்பாட்டை மறப்பார், தூக்கத்தை மறப்பார், சாமான் வாங்குவார், ரப்பர் ஸ்டாம்பு செய்வார், தலைவர், செயலாளர் என்று ஆள் பிடிப்பார், உங்களைத் துணைச் செயலாளராக்கிவிட்டு உங்கள் மனைவியிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டும் போவார். இரண்டாம் வாரம் கூட்டத்துக்குச் சற்றுத் தாமதமாக வருவார். மூன்றாம் வாரம் நீங்கள் அவர் வீட்டுக்கே தேடிப் போனால், வேறு எதையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அதுவா?" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை சங்கங்கள் அடக்கமாகியிருக்கின்றன என்று யாராவது கணக்கெடுத்தது உண்டா?

நான் பார்த்தவர்களில் தலைசிறந்தவர் வில்பிரட் மச்சாது. தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்ட் ஒருவரின் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. அவர் தொடங்கிய ஆங்கிலத்திலேயே பேசுவோர் சங்கத்தின் முதல் கூட்டத்தில் நானும் இருந்தேன்; எல்லாரும் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்ற விதியால் ஒரு மணி நேரம் அப்படியொரு அமைதி நிலவியது, மாதா கோயிலில்கூட நான் அந்த அமைதியை அனுபவித்ததில்லை. வயலின் வாங்கினார்; அதன் பெட்டியில் இப்போது குடை இருக்கிறது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கென்று ஒரு நீச்சல் பள்ளி தொடங்கினார். சொந்த வீட்டுக்கு மாடி கட்டத் தொடங்கினார். படி இருந்தது, மாடி இல்லை. ஏறிப் போனால் வானம்.

அந்தப் படியில் மிளகாய் காயவைத்து, வயலின் பெட்டியில் குடை வைத்து, ரப்பர் ஸ்டாம்புகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அடுத்து வரப்போவதற்கு வீட்டில் இடம் பண்ணிக்கொடுத்து வந்தவர் அவர் மனைவி பிளாரன்ஸ் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் கொடுக்கும் ஆபரேட்டர். மூன்று நிமிடம் முடிந்ததும், பேசிக்கொண்டிருப்பவர் உப்பு முதலாளியானாலும் சரி, பெரிய உத்தியோகஸ்தரானாலும் சரி, குறுக்கே புகுந்து போதும் என்று சொல்ல சர்க்கார் அதிகாரம் கொடுத்திருந்தது. வீட்டில் அந்த அதிகாரம் செல்லுபடியாகவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் அக்காவின் தம்பி இனிகோ கப்பலிலிருந்து விடுமுறையில் வந்தான். அக்காளுக்கு நைலான் சேலை, அத்தானுக்கு ஒரு ஷேவிங் செட், அதோடு ஒரு பாலிதீன் பை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறைமுக ஊரில், கல்லூரி மாணவர்கள் சிலர் தாங்களாக எழுதி, தட்டச்சடித்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, பின் குத்தி விற்ற இரண்டு மெல்லிய புத்தகங்களும் ஒரு கைப்பிடி பகடைகளும் அதற்குள் இருந்தன. லூடோ மாதிரி ஏதோ ஒன்று என்று இனிகோ சொன்னான். அவன் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. புத்திசாலி.

வில்பிரட் திறந்தார்.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்தபோது அந்த வெளிச்சம் கண்ணில் இருந்தது. பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயிக்கிறவன் தோற்கிறவன் என்பது கிடையாது என்று அவர் விளக்கினார். ஒருவர் ஓர் இடத்தை வர்ணிப்பார். மற்றவர்கள் அந்த இடத்தில் தாங்கள் நிற்பதாக எண்ணிக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு. சரி, ராஜகுமாரன் இளவரசியை மீட்கிற கதையாக இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். அதுதான் இல்லை. அந்தப் புத்தகத்தில் இருந்த ஊரில் சூரியன்கூடச் சரியாக உதிப்பதில்லை. மன்னனுக்குப் பைத்தியம். தெருவெல்லாம் கொள்ளைநோய். எலி பிடிப்பவனாகவோ, குழி வெட்டுகிறவனாகவோ, காது அறுபட்ட கூலிப் படையாளாகவோதான் நீங்கள் பிறக்க முடியும். அதிலும் உங்களுக்கு விருப்பம் கிடையாது, பகடை கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். வெட்டுப்பட்டால் சீழ் வைக்கும். தீப்பந்தம் தீர்ந்தால் இருட்டில் ஏதாவது கடிக்கும். செத்தால் செத்ததுதான், வேறு தாள் எடுத்து வேறு ஆளாகத் தொடங்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு முகம் மலர்ந்து, "எப்படிப்பட்ட விளையாட்டு பாரும்" என்றார்.

அடுத்து, ஆள் பிடிக்கும் படலம். நான் பக்கத்து மேசையில் இருந்த குற்றத்துக்காக முதலில் அகப்பட்டேன். இரண்டாவது சங்கரபாண்டியன் அண்ணாச்சி. ஏரல் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் நெல் வயல், ஊருக்குள் உரக்கடை. கப்பலில் வந்திறங்கும் பொட்டாஷ் என்னாயிற்று என்று கேட்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தவரை வில்பிரட் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தார். மூன்றாவது ஜேசுபாதம். திரேஸ்புரத்துக்காரர், சங்கு குளிப்பவர், அதிகம் பேசாதவர். முன்பு நீச்சல் பள்ளிக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டிருந்தவர். பள்ளி மூடிவிட்டது என்பதை அவரிடம் சொல்ல வில்பிரட் மறந்துவிட்டதால், ஞாயிறு தவறாமல் கரையில் வந்து நின்று, மாணவர்களை எதிர்பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார் அந்த மனிதர். அவரைத்தான் வில்பிரட் மறுபடியும் கூப்பிட்டார். அவரும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மத்தியானச் சாப்பாடும் முடிந்த நேரம். வில்பிரட் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, அந்த வெக்கையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார். ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில். பகடைகளைக் கொட்டினார். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம். இருபது முகத்தை அண்ணாச்சி எடுத்து நெல்லிக்காயைப் பார்ப்பதுபோல உருட்டிப் பார்த்து, இதில் தாயம் எப்படி விழும் என்று கேட்டார்.

எனக்குத் தூக்குப் போடுகிறவனின் உதவியாள் என்று விழுந்தது. துருப்பிடித்த கத்தி ஒன்று, ஒரு முழக் கயிறு, ஊரில் கெட்ட பெயர். அண்ணாச்சிக்குக் குழி வெட்டுகிறவன். அவர் உடனே மண்வெட்டி சொந்தமா வாடகையா, இடுகாடு யார் பேரில் இருக்கிறது, அங்கே மண் களியா சரளையா என்றெல்லாம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். களி என்றால் மழைக்கு முன்னாலேயே குழிகளை வெட்டிவைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. ஜேசுபாதத்துக்கு எலி பிடிப்பவன். கூடவே ஒரு குட்டி நாய்.

இனி ஆளுக்கொரு பெயர் வைக்க வேண்டும். அண்ணாச்சி யோசிக்காமல் சுடலை என்றார். நான் கறுப்பன் என்று எழுதினேன். ஜேசுபாதம் மட்டும் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கிளாட்வின்" என்றார். கொள்ளைநோய் பிடித்த இருட்டு ஊரில் எலி பிடிக்கிறவனுக்குக் கிளாட்வின் என்று பெயரா? நாங்கள் சிரித்தோம். அவரும் லேசாகச் சிரித்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடங்கிவைப்பவரின் தொடக்கம் அற்புதமாக இருக்கும். அதுதானே கொடுமை. வில்பிரட் குரலைத் தாழ்த்திப் பேசப்பேச, சுவரில் தொங்கிய திருக்குடும்பப் படம் மறைந்து, பாழடைந்த ஒரு கோபுரம் வந்து நின்றது. அதன் அடியில் செத்துப்போன பிரபு ஒருவனின் கல்லறை; அவன் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கொண்டுவந்தால்தான் எங்கள் மூன்று பேருக்கும் கழுத்து மிஞ்சும். படியில் இறங்கினோம். பாதியில் படி இடிந்து மேலே போகும் வழி அடைபட்டது. கீழே எங்கிருந்தோ தண்ணீர் ஏறியது. சுடலையின் கெண்டைக்காலை ஏதோ ஒன்று கடித்துவிட்டுப் போயிற்று. அண்ணாச்சி வேட்டியைத் தூக்கித் தன் காலைப் பார்த்துக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன். தீப்பந்தம் கடைசி ஒன்று.

எதிரே தண்ணீருக்கு அடியில் ஒரு வாய்க்கால் போவது தெரிந்தது. முங்கிப் போனால் வழி இருக்கலாம். நானும் அண்ணாச்சியும் ஒரே நேரத்தில் ஜேசுபாதத்தைப் பார்த்தோம். வாழ்நாளெல்லாம் முங்கு போடுகிற மனிதர் அல்லவா?

"நான் எறங்க மாட்டேன்" என்றார் ஜேசுபாதம். "வாரம் பூரா அதத்தான் செய்யுதேன். ஞாயித்துக்கெழமையும் தண்ணியா?"

நியாயம்தானே என்று நாங்கள் அதற்கும் சிரித்தோம். வேறு பக்கம் திரும்பினோம். இருட்டுக்குள் எதுவோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. வில்பிரட் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, மிச்சம் அடுத்த ஞாயிறு என்றார். சித்திரை வெயிலில் நான் நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூவரும் சொன்ன நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டோம். பிளாரன்ஸ் அக்கா டீயும் மக்ரூனும் கொண்டுவந்து வைத்தார். எங்களைப் பார்த்தார். அவர் முகத்தைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. வில்பிரட் காலை பஸ்ஸில் மார்த்தாண்டம் போயிருந்தார்; தேனீப் பெட்டி வாங்க.

தூத்துக்குடியில் தேனீ. உப்பளக் காற்றும் கருவாட்டு வாடையும் தவிர வேறொன்றும் பூக்காத தெருவில். ஆனால் அது நம் விஷயம் அல்ல. நம் விஷயம், சுடலையும் கறுப்பனும் கிளாட்வினும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள் என்பது. அதற்கடுத்த ஞாயிறு போனபோது வில்பிரட் கொல்லையில், முகத்தில் கொசுவலைத் துணியைக் கட்டிக்கொண்டு, பெட்டிக்குள் புகை போட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டு என்னாயிற்று என்று கேட்டேன். வலைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அதுவா?"

இதற்கு முன் எல்லாச் சங்கங்களும் இந்த இடத்தில் செத்திருக்கின்றன. உறுப்பினர்கள் பெருமூச்சு விட்டு, விடுதலையான முகத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இந்த முறை அப்படிப் போக முடியவில்லை. ஆங்கிலச் சங்கத்தைப் பாதியில் விட்டால் உங்கள் ஆங்கிலம் அப்படியே கிடக்கும், அவ்வளவுதான். ஆளையே பாதாளத்தில் பாதியில் விட்டால்?

அண்ணாச்சி பொட்டாஷ் விசாரிக்கிற சாக்கில் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார். வந்து வில்பிரட்டின் மேசையில் கையூன்றிக் குனிந்து, "வே, என் காலு என்னாச்சு? சீழ் வச்சிட்டா?" என்று கேட்பார். தலைமை எழுத்தர் மனமிரங்கி அவருக்கு நாற்காலி போடச் சொல்லி, பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் தமக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருப்பதாகவும் கடிதம் தருவதாகவும் சொன்னார். நானுமே தட்டச்சு அடித்துக்கொண்டிருக்கும்போது சரக்கு ரசீதில் இரண்டு தடவை தீப்பந்தம் என்று அடித்துவிட்டேன். வில்பிரட் எதற்கும் அசையவில்லை. அவரிடம் இனத்துக்கே உரிய சிரிப்பு ஒன்று இருந்தது. போன ஜன்மத்துச் சங்கதியைப் பேசுகிறவர்களைப் பார்ப்பதுபோல.

ஜேசுபாதம் எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு வந்தால் திரேஸ்புரத்திலிருந்து நடந்து வந்து, வாசலை ஒட்டிய பெஞ்சில், மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடம் மூடியதை யாரும் சொல்லாதபோது கரையில் நின்றாரே, அதேபோல. ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். வில்பிரட் வலையோடு உள்ளே வந்தார். ஜேசுபாதம் எழுந்து நின்றார்.

"அண்ணே, கிளாட்வின் அங்கனயேதான் கெடக்கானா?"

"கெடக்கட்டும்யா" என்றார் வில்பிரட், வலையின் முடிச்சைச் சரிசெய்துகொண்டே. "எங்க போயிரப் போறான்."

ஜேசுபாதம் வெளியே இறங்கிப் போனார். பெஞ்சின் மேல் டீ அப்படியே இருந்தது.

பிளாரன்ஸ் அக்கா அந்த டீயைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். பிறகு, சத்தம் போடாமல், எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னார். கிளாட்வின் என்பது ஜேசுபாதத்தின் தம்பி பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன தோணி ஒன்று கரை சேரவில்லையே, அதில் போனவன். அந்த நாட்களில் ஜேசுபாதமும் அவர் அம்மாவும் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து கொழும்புத் துறைமுகத்துக்கு டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். லைனைக் கொடுத்தவர் அக்கா. வரவில்லை என்று அந்தப் பக்கம் சொல்வது முதலில் அவர் காதில்தான் விழும், அப்புறம்தான் அவர்களுக்கு.

"யார் பேசுனாலும் மூணு நிமிசத்துல வெட்டிருவேன்" என்றார் அக்கா. "அந்த லைன மட்டும் வெட்டல. அங்கிட்டுப் பேசுறவன் போனை வச்ச பொறகும் அந்த அம்மா பேசிக்கிட்டே இருப்பா."

வில்பிரட் வலையைக் கழற்றினார். அவர் கெட்டவர் அல்ல. இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. முகம் வாடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. பிறகு தலையைத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணுக்குள் மெதுவாக, திரி பற்றுவதுபோல, ஒரு வெளிச்சம்.

கிளாட்வின் பேரில் ஒரு படகோட்டிகள் நலச் சங்கம் தொடங்கினால் என்ன என்றார்.

அக்கா அலமாரி மேலிருந்து அந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வீட்டில் ஒரு பொருள் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. வாசித்த பிறகு தெரியவந்த செய்தி, முதல் நாள் வில்பிரட் எங்களுக்குச் சொன்ன விதிகளில் பாதி தவறு. அவர் முன்னுரையைப் படித்துவிட்டு மிச்சத்தை உற்சாகத்தால் நிரப்பியிருந்தார். அடுத்த ஞாயிறு ஜேசுபாதத்தை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். பிளாரன்ஸ் அக்கா மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். மெழுகுவர்த்தி இல்லை. ஜன்னல்கள் திறந்தே இருந்தன, தெருவில் ஐஸ் வண்டி போயிற்று.

"தண்ணி இடுப்பு வரைக்கும் வந்தாச்சு" என்றார். "ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க."

வில்பிரட் சொன்னபோது எங்களுக்குப் பயமாக இருந்தது. அக்கா சொன்னபோது உண்மையாக இருந்தது. மூச்சுவிட்டது என்ன என்று கேட்டோம். சங்கிலியில் கட்டப்பட்ட ஒரு கைதி என்றார். அண்ணாச்சி காலுக்கு வேப்பிலை அரைத்துக் கட்டலாமா என்று கேட்டார். கல்லறைக்குள் வேப்பமரம் இல்லை, பகடையைப் போடுங்கள் என்றார். போட்டதில் சுடலைக்குக் காய்ச்சல் கண்டது. அண்ணாச்சி துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கொல்லையில் அந்த வாரமே தேனீக்கள் கூண்டோடு போய்விட்டிருந்தன. காலிப் பெட்டியின் பக்கத்தில் நின்ற வில்பிரட்டுக்கு ஜன்னல் வழியே எல்லாம் கேட்டிருக்க வேண்டும். முதலில் ஜன்னலில் தலை தெரிந்தது. பிறகு வாசலில் ஆள் தெரிந்தது. பிறகு, கூட ஓர் ஆள் தேவைப்படுமா என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

அக்கா ஒரு தாளையும் பகடையையும் அவர் பக்கம் தள்ளினார். தெருவிளக்கு ஏற்றுகிறவன் என்று விழுந்தது. அந்தக் கைதி இவன்தான் என்று அக்கா முடிவுசெய்தார். வில்பிரட்டுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. தன் ஆளுக்குப் பெயர், ஊர், வம்சம், செல்லப் பழக்கங்கள் எல்லாம் எழுதி, தாளின் பின்பக்கம் வரை போய்விட்டார். கறுப்பன் போய்ச் சங்கிலியை அறுத்தான். கைதிக்கு இடம் தெரிந்திருந்தது. தண்ணீருக்கு அடியில் போகும் வாய்க்கால் ஒன்றுதான் வழி. அதன் மதகை ஒரு சக்கரம் சுற்றித் திறக்க வேண்டும். விட்டால் மதகு விழுந்துவிடும். ஒருவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மற்றவர்கள் போகலாம். நிற்கிறவன் போக முடியாது.

நாங்கள் தாளைப் பார்த்தோம். ஐஸ் வண்டிக்காரன் மறுபடி தெருவில் போனான்.

"நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றார் வில்பிரட். "நீங்க போங்க."

எதையும் பிடித்து நின்று பழக்கமில்லாத மனிதர் சொன்ன சொல் அது. அண்ணாச்சி எட்டி அவர் தோளைத் தொட்டார். கறுப்பனும் சுடலையுமாக நாங்கள் பகடை போட்டு, மூச்சு முட்டி, மண்வெட்டியைப் பறிகொடுத்து, எப்படியோ அந்தப் பக்கம் போய் விழுந்தோம். மிச்சம் இருந்தவர் ஜேசுபாதம். அவர் தாளில் எழுதியிருந்த பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தாமல் அக்கா காத்திருந்தார். எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று நான் பார்க்கவில்லை. மூன்று நிமிடத்துக்கு நிச்சயம் மேல்தான்.

"எறங்குதான்" என்றார் ஜேசுபாதம். "நாயத் தோள்ல வச்சிக்கிட்டு எறங்குதான்."

இருபது முகப் பகடையை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிப் போட்டார். அது மேசையில் நிற்கவில்லை. உருண்டு, தரையில் விழுந்து, அலமாரிக்கு அடியில் போய்விட்டது. பிளாரன்ஸ் அக்கா எழுந்து போய், முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டுப் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்தார்.

"வந்துட்டான்" என்றார். "வெளிய நல்ல வெயிலு. கரையில ஆளுக நிக்காங்க."

என்ன எண் விழுந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஜேசுபாதம், நாயும் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். வந்துவிட்டது என்றார் அக்கா. ஜேசுபாதம் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முகத்தைத் துடைக்கிற மாதிரி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி மிச்சம் விளக்கு ஏற்றுகிறவன். அக்கா புருஷன் பக்கம் திரும்பினார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது என்றார். சக்கரத்தை விடுகிறீர்களா என்று கேட்டார். விடவில்லை என்றார் வில்பிரட். கழுத்துக்கு வந்துவிட்டது. விடவில்லை. அக்காவின் குரல் இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து பார்த்திராத ஒருவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். அண்ணாச்சி துண்டை வாயில் வைத்துக்கொண்டார். தண்ணீர் தலைக்கு மேல் போய்விட்டது என்று அக்கா மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் என் கண் மேசைக்கு அடியில் போயிற்று. வில்பிரட்டின் மடியில் ஒரு புதுத்தாள். பென்சில் கூராகச் சீவப்பட்டிருந்தது. மேலே அழகான கையெழுத்தில் 'அடுத்த ஆள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டாகிவிட்டது.

நான் பார்த்ததை அக்காவும் பார்த்தார்.

பிறகு அந்த எக்ஸ்சேஞ்ச் குரல் திரும்பி வந்தது.

"நீங்க சாவல."

"எப்பிடி?" என்றார் வில்பிரட், பதறிப்போய். "தண்ணி தலைக்கு மேல போயிட்டுல்லா?"

"சக்கரம் ஒடஞ்சி உங்களையும் வெளிய தள்ளிட்டு. ஒரு காலு போச்சு. உயிரு இருக்கு. அந்தத் தாள இங்கன குடுங்க."

வில்பிரட் விதியைக் காட்டச் சொன்னார். அக்கா புத்தகத்தை நீட்டினார்; கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள் என்றார். அவ்வளவு தூரம் வாசிக்க வேண்டும் என்பதைக் கேட்டதும் அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஞாயிறுதோறும் அந்த ஒற்றைக்கால் விளக்குக்காரனாக அவர் எங்களோடு நொண்டி நொண்டி வந்தார். வேறு ஆளாகத் தொடங்க அவர் செய்யாத முயற்சி இல்லை. ஓநாய்க் கூட்டத்துக்குள் தனியாகப் போனார், விஷக் கிணற்றில் நீர் குடித்தார், பைத்தியக்கார மன்னனை முகத்துக்கு நேரே திட்டினார். அக்கா ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவைத்தார். கடைசியில் மோதிரம் கிடைத்தது, மன்னன் விழுந்தான், கொள்ளைநோய் தீர்ந்தது, அண்ணாச்சியின் சுடலைக்கு ஆற்றங்கரையில் இரண்டு கோட்டை விதைப்பாடு நிலம் கிடைத்தது, கிளாட்வின் நாயோடு ஒரு படகு வாங்கினான். ஜேசுபாதம் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரேஸ்புரத்துக்கு நடந்து போனார்.

வில்பிரட் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். கதை முடிந்த மறுநாள், சாவு வீட்டிலிருந்து வந்தவர் மாதிரி ஒரு முகத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். ஒரு காரியம் முடிந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அதற்கு முன் தெரியாது, தெரிந்ததும் பிடிக்கவில்லை. அதற்கு மறுநாள் சூரிய ஒளியில் சோறு ஆக்குவது பற்றிய ஒரு புத்தகத்தோடு வந்தார். கண்ணில் அது இருந்தது. நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

நல்லவேளை நாம் அப்படி இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வது தெரிகிறது. இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். இதைப் படிக்க எடுப்பதற்கு முன்னால் கையில் என்ன வேலை வைத்திருந்தீர்கள்? அதை முடித்துவிட்டுத்தானே வந்தீர்கள்?